இரண்டு முறை இறந்த என் தம்பி

என் தம்பி இறந்துபோன செய்தி இரண்டாவது முறையாக வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். போனில் அந்தோணி. "அக்கா, அண்ணன் போயிட்டாருக்கா" என்றான். "ஏன்டா, மூணாவது ஆல்பமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மறுபடி அடித்தான். போனை அணைத்து மேசைக்குள் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து முக்கோணத்தை வரைய ஆரம்பித்தேன்.

படிப்பவர்களில் சிலருக்கு எங்களைத் தெரியாமல் இருக்கலாம். மறைந்தவர் பெயர் கதிரவன். புதுச்சேரியில், பாகூர் கொம்யூனைச் சேர்ந்த செலியமேடு எங்கள் ஊர். 'சேத்துக்கால்' என்ற பெயரில் ராப் பாடியவர் அவர்தான். அந்தோணி பூரணாங்குப்பத்துப் பையன். வில்லியனூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கடைக்கு மேலே இருக்கிற அறையில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, 'மதகு ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் எழுதி, பெரிய கம்பெனிகள் சீந்தாத பாட்டுகளை வெளியிடுகிறான். என் தம்பியின் இரண்டு ஆல்பங்களும் அங்கிருந்துதான் வந்தன.

பாடம் முடிவதற்குள் அந்தோணி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டான். வகுப்பு வாசலில் நின்றான். நான் கூப்பிடாமலே உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து தன் இரண்டு போனையும் எடுத்து என் மேசைமேல் வைத்தான். இரண்டும் அணைந்திருந்தன.

"நா எதுவும் ரெக்கார்டு பண்ணலக்கா. நீங்களே பாருங்க. ஆஃப். சத்தியமா ஆஃப்."

அப்போதுதான் நம்பினேன். என் தம்பி இறந்ததை நான் நம்புவதற்கு அணைத்த போன் சாட்சி தேவைப்பட்டது. இதை வைத்தே அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று நீங்கள் ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

முதல் நாள் அந்திப் பொழுதில் வில்லியனூர் சாலையில், பின்விளக்கு இல்லாமல் நின்றிருந்த கரும்பு டிராக்டரில் பைக்கோடு மோதியிருக்கிறார். காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போயிருக்கிறது. யாருக்குச் சொன்னாலும் யாரும் நம்பவில்லை என்று அந்தோணி அழுதான். அழுவதற்கு அவனுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டவனும் அவனேதான். "ரெண்டாவது ஆல்பத்தப் பத்தி நாலு வார்த்த நல்லதா எழுதிக் குடுங்கக்கா. 'அவர்'னு போட்டு எழுதுங்க, மரியாதயா இருக்கும்" என்றான். மூக்கு துடைத்துவிட்டு வளர்த்த பையனை 'அவர்' என்று எழுதப் பேனா முரண்டு பிடிக்கிறது. பரவாயில்லை, எழுதுகிறேன். நல்லதா என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

சின்ன வயதிலிருந்து ஆரம்பிப்பதுதானே முறை. எங்கள் அப்பா கரும்பு வெட்டுகிறவர். தம்பி ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது மஞ்சள் காமாலையில் இறந்தார். அன்றைக்கு எங்கள் அஞ்சலை சின்னம்மா ஒதியம்பட்டிலிருந்து வந்தார். அம்மாவுக்கு நேர் இளையவர். அவர் அழுதால் தெருவே நின்று கேட்கும். மற்றவர்கள் போல வாயில் வந்ததைச் சொல்லி அழுகிறவர் இல்லை. அப்பாவின் சைக்கிள், அதன் அறுந்த செயின், அவருக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு, மச்சினி என்று சின்னம்மாவை அவர் செய்த கேலி, கடைசியாகப் போட்ட சண்டை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ராகத்தில் வந்து விழும். செத்தவர் எழுந்து நடமாடுவதுபோல இருக்கும். எங்கள் பக்கத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் சின்னம்மாவுக்கு ஆள் போகும். கூலிக்கு அழுகிறவர் அல்லர். ஆள் போனால் வருவார், அவ்வளவுதான்.

கருமாதி முடிந்த மறுநாள், என் தம்பி தெருமுனையில் சிநேகிதர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு சின்னம்மாவின் ஒப்பாரியை ஒரு வரி விடாமல் பாடிக் காட்டினார். நடுநடுவே கைதட்டித் தாளம் வேறு. அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அடி வாங்கிக்கொண்டே அவர் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"அடிக்காதம்மா. ராகம் சூப்பரா இருந்திச்சிம்மா."

அப்பா செத்ததற்கு அவர் அழுதாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். அழுதிருப்பார். ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது அந்தக் கைதட்டல்தான்.

வளர்ந்து, ஐ.டி.ஐ. முடித்து, சேதராப்பட்டுப் பக்கம் கம்பெனிக்குப் போனார். ஷிப்டு முடிந்து வருகிற டெம்போவில் உட்கார்ந்தே வரி கட்டுவார். முதல் ஆல்பத்துக்குச் 'சேறு' என்று பெயர். கம்பெனி வேலை, கரும்புத் தோகை உரிக்கப் போகும் பெண்களின் கையில் விழும் கீறல், எங்கள் தெருப் பையன் தலைவாரி செண்ட் அடித்துக்கொண்டு டவுனுக்குப் போனாலும் அவன் ஊர்ப் பெயரைக் கேட்டு முகம் மாறுகிறவர்கள், எல்லாம் அதில் இருந்தது. அது நல்ல ஆல்பம். இதைச் சொல்லிவிடுகிறேன். பொறாமையில் எழுதுகிறேன் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. நான் ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். தமிழ் வாத்தியார் எழுந்து வந்து கை கொடுத்தார்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. சென்னையிலிருந்து பேட்டி எடுக்க வந்தார்கள். அடுத்தது எப்போது, அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். இவரால் ஒரு வரி எழுத முடியவில்லை. ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, வாயில இருந்தத எல்லாம் மொத ஆல்பத்துலயே பாடிட்டேன். இப்ப வாய் காலி."

"காலியா இருந்தா சும்மா இருடா. ரொம்பினதும் பாடு" என்றேன்.

எவ்வளவு நல்ல யோசனை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி இருக்காது. ஆனால் என் தம்பிக்குச் சும்மா இருப்பது மட்டும் வராது. தன் வாய் காலியானால் அடுத்தவர் வாயில் கை விடலாம் என்று நினைத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை. சின்னம்மா ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூர் வந்து, மளிகை வாங்கிக்கொண்டு டெம்போவுக்கு நின்றிருக்கிறார். எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கறுப்புக் கட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் என் தம்பியின் முகம். கீழே சின்ன எழுத்தில், 'பொய்ச்சாவு, சேத்துக்காலின் இரண்டாவது ஆல்பம், விரைவில்' என்று அச்சடித்திருந்தார்கள். பின்னால் தம்பி அதைத்தான் சொல்லிச் சொல்லி வாதாடினார். "தெளிவாப் போட்டிருக்கோமேக்கா, படிக்காதது யார் தப்பு?" எங்கள் ஊரில் பிறந்த ஒருவர் கேட்கிற கேள்வியா இது? கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் கீழே சின்ன எழுத்தில் இருப்பது துக்கப்படுகிறவர்களின் பெயர் வரிசை. அதை அந்தப் பெயர்க்காரர்களைத் தவிர யார் படிக்கிறார்கள்? சின்னம்மாவுக்குப் படிக்கவும் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களும் முகத்தைப் பார்த்தார்கள், 'ஐயோ' என்றார்கள், போனை எடுத்தார்கள். இப்படித்தான் நடக்கும் என்று என் தம்பிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த எழுத்தை அங்கே வைத்தார்.

சின்னம்மா மளிகைப் பையை அங்கேயே விட்டுவிட்டு, டெம்போவில் ஏறிச் செலியமேடு வரை மார்பில் அடித்துக்கொண்டே வந்திருக்கிறார். அம்மா கரும்புக் கொல்லையிலிருந்து ஓடி வந்தார்கள். தம்பி சென்னைக்கு ரெக்கார்டிங் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். போன் அணைந்திருந்தது. நான் போய்ச் சேரும்போது வீடு நிறைந்து கிடந்தது. கூடத்தில் ஒரு நாற்காலி. அதன்மேல் தம்பியின் படம், படத்துக்கு மாலை. பக்கத்தில் அந்தோணி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"எங்கடா அவன்?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

"பாடி வந்துகினு இருக்குக்கா" என்றான்.

அந்தோணி, இதை நீதான் அச்சுக்குக் கொடுக்கப் போகிறாய். இந்த வரியை வெட்டாதே.

அன்று நான் அந்தப் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதேன். கணக்கு டீச்சர், இரண்டு பிள்ளைகளின் தாய், தரையில் புரண்டு, "வூட்டுக்கு வாடா, டேய், வூட்டுக்கு வாடா" என்று கத்தினேன். வேறு வார்த்தை வரவில்லை. சின்னம்மா அம்மாவைக் கட்டிக்கொண்டு பாடிய ஒப்பாரி அப்பாவுக்குப் பாடியதைவிடப் பெரியது. தம்பி பிறந்தபோது பால் குடிக்க மறுத்தது, தன் முந்தானையில் வெல்லம் முடிந்துகொண்டு போய்க் கொடுத்தது, எல்லாம் அதில் வந்தது.

எவ்வளவு நேரம் அழுதிருப்போமோ தெரியாது. பின்பக்கக் கதவு திறந்தது. என் தம்பி உள்ளே வந்தார். கழுத்தில் ஹெட்போன். அதுவரை பின்னால் மாட்டுக்கொட்டாயில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் அழுவதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். படத்துக்குப் பின்னால் மைக் வைத்திருந்தார்கள்.

அம்மா முதலில் அவர் காலைத்தான் பார்த்தார்கள். பாதம் தரையில் இருக்கிறதா என்று. பிறகு முகத்தைப் பார்த்தார்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இது அவருடைய பொன்மொழிகளில் ஒன்று:

"சூப்பர்மா. எல்லாம் கெடச்சிடுச்சி."

அம்மா அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். உட்கார்ந்த இடத்திலேயே பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, பிடித்தது பிடித்தபடி இருந்தார்கள். நான்தான் அறைந்தேன். பொய்ச் சாவுக்கு அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று, சின்னம்மா அழுத கண்ணைக்கூடத் துடைக்காமல் சாணி கரைத்து வீடு முழுக்கத் தெளித்தார். பூசணிக்காய் உடைத்தார். தெளித்து முடித்துவிட்டு டெம்போ ஏறிப் போய்விட்டார்.

'பொய்ச்சாவு' வெளிவந்தது. நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். முதல் பாட்டு என் அம்மாவின் அலறலில் ஆரம்பிக்கிறது. மூன்றாவது பாட்டு முழுக்கச் சின்னம்மாவின் ஒப்பாரி, அடியில் டிரம். ஐந்தாவது பாட்டில் நான். "வூட்டுக்கு வாடா, வூட்டுக்கு வாடா" என்று என் தொண்டையை வெட்டி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதுதான் ஆல்பத்திலேயே பெரிய ஹிட். சென்னைப் பத்திரிகை ஒன்று, இது மண்ணின் ஆன்மா என்றும், 'முகம் தெரியாத கிராமத்துப் பெண்களின் குரல்' என்றும் எழுதியது. முகம் ஏன் தெரியாது? வந்து பார்த்தால் தெரியும். பெயரும் இருக்கிறது. அஞ்சலை என்று பெயர். ஆல்பத்தில் குரல் கொடுத்தவர்கள் என்ற இடத்தில் 'ஊர் மக்கள்' என்று போட்டிருந்தார்கள்.

எங்கள் பள்ளியில் கடைசி மணி அடித்தால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு "வூட்டுக்கு வாடா" என்று கூட்டமாகப் பாடிக்கொண்டே ஓடுவார்கள். குழந்தைகள்தானே, அவர்களுக்கு அது யார் குரல் என்று தெரியாது என்று முதலில் நினைத்தேன். பிறகு தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் பாடினார்கள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினார்கள். நான் கரும்பலகையைத் துடைப்பதுபோலத் திரும்பி நின்றுகொள்வேன்.

சின்னம்மாவுக்கு நடந்தது இதைவிட மோசம். அவர் டெம்போவில் ஏறினால் பின்சீட்டுப் பையன்கள் போனில் அவர் ஒப்பாரியைப் போடுவார்கள். வெல்லம் முடிந்த வரி வரும்போது ஒருவன் முந்தானை பிடிப்பதுபோல நடித்து ரீல்ஸ் எடுப்பான். ஒருநாள் அவர் பாதி வழியில் இறங்கி வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு எந்தச் சாவுக்கும் அவர் அழவில்லை.

இது ஏதோ ஒரு பெண்ணின் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருக்கோடியில் மேஸ்திரி வேலை செய்த ஒரு பெரியவர் செத்தார். பேரன் பேத்தி எடுத்த சாவு. பெண்கள் கூடினார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மேளம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. செத்தவரின் மகள் ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துக் கெஞ்சினாள். அஞ்சலை சின்னம்மா சொன்னார்:

"அழுவ மாட்டேம்மா, என்ன உட்டுடு. எவன் கையில இன்னா வச்சிக்கினு நிக்கிறான்னு தெரியல. நா அழுதா நாளிக்கி டெம்போவுல ஓடும்."

அதன்பிறகு எங்கள் பக்கத்தில் சாவுகள் ஊமையாகிவிட்டன. ஓர் ஆல்பம் ஓர் ஊரின் அழுகையை நிறுத்தியது என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நான் தம்பியிடம் சண்டை போட்டேன். எத்தனை முறை என்று கணக்கு வைக்கவில்லை. கடைசியாகப் பேசியது எங்கள் வீட்டு வாசலில், பைக்கின்மேல் உட்கார்ந்தபடி.

"ஒதியம்பட்டுக்குப் போய்ச் சின்னம்மா கால்ல விழுந்துட்டு வாடா."

"எதுக்குக்கா? நா சின்னம்மாவ பெரிய ஆளாக்கிட்டேன். கனடாவுல கேக்குறானுங்க."

"கனடாக்காரனா அவங்களோட டெம்போவுல போறான்? தெருவுல பொம்பளைங்க வாயே தொறக்கறதில்லடா. நாளைக்கி நீ செத்தா எவ அழுவா?"

அவர் சிரித்தார். சிரித்தால் அழகாகத்தான் இருப்பார், அதையும் சொல்லிவிடுகிறேன். "அதான் ஏற்கெனவே அழுது குடுத்திருக்கீங்களேக்கா. அதயே போட்டு வுடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பக்கத்தில் நின்றிருந்த அந்தோணி இதைக் கேட்டான். கேட்டதை மனசில் வைத்தும் இருந்தான்.

விபத்து நடந்த சாலை ஒதியம்பட்டுக்கும் போகும். அதை வைத்து, அவர் சின்னம்மாவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போய்க்கொண்டிருந்தார் என்று சிலர் பேசுகிறார்கள். இந்த மலரிலும் யாராவது எழுதக்கூடும். நம்பாதீர்கள். அந்தச் சாலையில் அவர் தினமும் போகிற பரோட்டாக் கடை இருக்கிறது. நான் அவருடைய அக்கா, எனக்குத் தெரியும். செத்துப்போனார் என்பதற்காக அவர் செய்யாத நல்லதை அவர் தலையில் கட்ட வேண்டாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கூடத்தில் ஐஸ் பெட்டி, வாசலில் சாமியானா, நாற்காலி. உறவுக்காரர்கள் வருவதற்கு முன் அவருடைய ரசிகர்கள் வந்துவிட்டார்கள். மார்பில் அவர் முகம் போட்ட கறுப்பு டீசர்ட், கையில் போன். பெட்டியைச் சுற்றி நின்று வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தார்கள். உறவுக்காரர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். ஒவ்வொருத்தரும் வாசலிலேயே நின்று, எட்டிப் பார்த்து, பெட்டிக்குள் முகத்தைப் பார்த்து, அந்தோணியின் முகத்தைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு மாமா ஐஸ் பெட்டிக் கண்ணாடியைத் தட்டியே பார்த்தார். அவரைத் தப்பு சொல்ல முடியுமா?

பெண்கள் உட்கார்ந்தார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அம்மா பெட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. அம்மா சுற்றிலும் இருந்த போன்களைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. பெற்ற பிள்ளை பெட்டிக்குள் கிடக்கிறான், அழுதால் பதிவாகிவிடுமோ என்று ஒரு தாய் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்து வைத்தவர் அந்தப் பெட்டிக்குள் நிம்மதியாகக் கிடந்தார். அவ்வளவு கோபம் நான் வாழ்க்கையில் யார் மேலும் பட்டதில்லை.

அஞ்சலை சின்னம்மா வந்தார். வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டிப் பக்கம் போகவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து, தலையில் முக்காடு போட்டுக்கொண்டார்.

அப்போது அந்தோணி ஒரு பெரிய ஸ்பீக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து சாமியானாவுக்குள் வைத்தான். "என்னடா இது?" என்றேன்.

"அண்ணன் சொன்னாரேக்கா. அதயே போடுங்கன்னு. மூணாவது டிராக்..."

சின்னம்மாவின் முக்காடு அசைந்தது. எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன். போனால் இனி எப்போதும் வரமாட்டார். என் அம்மா அழாமலே பிள்ளையை அனுப்பிவிட்டு, அழாமலே மீதி நாளைக் கழிப்பார்கள். எனக்கு என் தம்பி மேல் இரக்கம் எதுவும் வரவில்லை. அம்மாவின் திறந்த வாய்தான் கண்ணில் நின்றது.

சமையலறையில் ரேஷன் அரிசி போட்டு வைக்கிற டிரம் ஒன்று இருக்கிறது. அதை உருட்டிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் வைத்து, மூடியைத் திறந்தேன்.

"எல்லாரும் போன இதுல போடுங்க" என்றேன். பள்ளிக்கூடத்துக் குரல். எட்டாம் வகுப்பை அடக்குகிற குரல்.

ரசிகர் ஒருவர், "அக்கா, லைவ் போயிகினு இருக்குக்கா" என்றார்.

"இன்னா லைவு? செத்துட்டான்டா அவன். போடு."

அவர் கையிலிருந்து நானே பிடுங்கி அரிசிக்குள் புதைத்தேன். அதற்குப் பிறகு வரிசையாகப் போட்டார்கள். மாமா போட்டார். என் கணவர் போட்டார். என் போனையும் போட்டேன். அந்தோணி தன் இரண்டையும் போட்டான். ஸ்பீக்கர் வயரை நான் பிடுங்கியபோது தடுக்கவில்லை. அவன் சட்டைப் பை, பேண்ட் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் காட்டச் சொன்னேன். எல்லார் முன்னாலும் காட்டினான். போலீஸ் கொடுத்த கவரிலிருந்து தம்பியின் உடைந்த போனையும் எடுத்து உள்ளே போட்டேன். மூடியை அழுத்தி மூடி, அதன்மேல் அம்மியின் குழவியைத் தூக்கி வைத்தேன்.

சின்னம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சின்னம்மா. எல்லாம் டிரம்முல கெடக்கு. நீயே பாத்த இல்ல?"

அவர் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்காக அழுவாத. அவன் பண்ணதுக்கு அவனுக்கு அழுவவே கூடாது. அம்மாவுக்காக அழு. அம்மாவால தொடங்க முடியல."

"அந்தப் பொடிப்பய வெல்லம் கேட்டுகினு வருவான்டி" என்றார் சின்னம்மா. அவ்வளவு மெதுவாக. பிறகு, "மூடி நல்லா மூடிக்கிதா பாரு" என்றார்.

போய்க் குழவியை அசைத்துக் காட்டிவிட்டு வந்தேன்.

சின்னம்மா எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து போய், அம்மாவின் தோளில் கை போட்டு, பெட்டியின்மேல் சாய்ந்தார். ஆரம்பித்தார்.

அவர் என்ன சொல்லி அழுதார் என்பதை எழுத மாட்டேன். இப்படிப்பட்ட கட்டுரைகளில் அதை எழுதுவதுதான் வழக்கம் என்று தெரியும். அந்தோணியும் கேட்டுப் பார்த்தான். இல்லை. உங்களுக்கு ஆல்பம் இருக்கிறது, போட்டுக் கேளுங்கள். இது எங்களுடையது. சின்னம்மா அவரைத் திட்டினார், கேள்வி கேட்டார், அதற்குமேல் நான் சொல்லப்போவதில்லை. அம்மாவின் வாயிலிருந்து சத்தம் வந்தது. அதன் பிறகு கூடத்திலிருந்த ஒவ்வொரு பெண்ணும் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். மேஸ்திரிப் பெரியவரின் மகளும் அழுதாள். அவள் தன் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் அழுதாள் என்று எனக்குத் தெரியும். போன் இல்லாத ரசிகர்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். அவர்களிலும் சிலர் அழுதார்கள்.

டிரம்முக்குள் போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. அரிசிக்குள் கிடந்ததால் பாட்டு வெளியே வரவில்லை, தகரம் மட்டும் அதிர்ந்தது. உண்மையா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார்கள். உண்மைதான். சேத்துக்கால் என்கிற கதிரவன் இறந்துவிட்டார். இந்தக் கட்டுரையின் கீழே சின்ன எழுத்தில் எதுவும் இல்லை.

மரியாதையாக இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன். இனி என்னால் முடியாது.

போடா தம்பி. அன்றைக்கு நானும் அழுதேன், ஆனால் 'வூட்டுக்கு வாடா' என்று மட்டும் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிடாமல் இருந்தேன். அம்மாவின் குரலைத் திருடினாய், சின்னம்மாவின் குரலைத் திருடினாய், என்றைக்காவது அதையெல்லாம் மன்னித்துவிடுவேனோ என்னவோ. ஆனால் அன்று நான் கூப்பிட்டேன், நீ பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்தாய். செத்தவனைக் கூப்பிட்டால் வருவான் என்று ஒருமுறை என்னை நம்பவைத்துவிட்டாய். இப்போதும் அந்தக் கதவு காற்றில் ஆடினால் திரும்பிப் பார்க்கிறேன். அதை மன்னிக்க மாட்டேன்.